எல்லா நிறத்துக்கும் ஒரு கைதட்டு

பள்ளிவாசல் மாடத்தில் புறாக்கள் குந்தியிருக்கும். பாங்கு சொல்கிற மோதினார் ஒலிவாங்கியை விரலால் தட்டிப் பார்ப்பார். அந்தச் சத்தத்துக்கு அத்தனை புறாவும் ஒரேயடியாய்க் கிளம்பும். கிளம்புகிற முதல் நொடியில் சிறகோடு சிறகு அடிபடும் ஓசை இருக்கிறதே, படபடவென்று, உள்ளங்கை உள்ளங்கையில் விழுகிற மாதிரி, அதைக் கேட்டால் எனக்குக் கை ஓடாது. அடுப்பில் பால் பொங்கி வழியும். எழுதிக்கொண்டிருக்கும் வரி பாதியில் நிற்கும். தலையில் முக்காடு இருக்கிறதா என்று ஒரு கை தானாகப் போய்ப் பார்க்கும். ஏனென்றால் அந்த ஓசைக்குச் சொந்தக்காரர் முக்காடில்லாமல் என்னைப் பார்க்கக்கூடாதவர். என் ராத்தாவின் மாப்பிள்ளை, அக்கா புருஷன். என் மச்சான்.

ஓர் ஆளைப் பற்றி எழுத வந்தால் முகத்தில் தொடங்க வேண்டும். எனக்கு அவர் முகம் வராது. மூக்கு எப்படி, தாடி எவ்வளவு என்று கேட்டால் விழிப்பேன். கைகளைக் கேளுங்கள், சொல்கிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குரியது. மாப்பிள்ளைதான் ஒரு பெட்டியோடு வந்து சேருவார். ராத்தாவின் வீட்டுக்கு மச்சானும் அப்படித்தான் வந்தார். எனக்கென்று என்னைப் பெற்ற வாப்பா பக்கத்து வளவில் தொடங்கிய வீடு சன்னல் மட்டத்தில் நின்றது. வீடு எழும்பினால்தான் கல்யாணம். ஆகவே என் கல்யாணமும் சன்னல் மட்டத்தில் நின்றது. அதுவரைக்கும் நான் ராத்தாவோடு. ஆக அந்த வீட்டில் அவர் வந்தவர், நான் நிற்பவள். இருவருக்கும் நடுவில் ஒரு திரை.

திரை கடும் சிவப்பு. ராத்தா ஹஜ்ஜுப் பெருநாளைக்காகத் தைத்தது. விறாந்தைக்கும் என் அறைக்கும் நடுவில் தொங்கும். தரைக்கும் திரைக்கும் இடையில் ஒரு சாண் வெளி. அந்த வெளியால் எனக்குக் கிடைத்ததெல்லாம் அவருடைய குதிகால், சாறனின் கரை, தரையில் ஊன்றிய கைகள். நகக்கணுவில் எந்நேரமும் துரு. கல்முனை பஜாரில் ஓர் இரும்புக் கடையில் நின்றார். உள்ளங்கைகள் அகலம். தட்டினால் ஓடு பெயரும்.

ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு நாங்கள் நேரே கதைத்துக்கொண்டதில்லை. நடுவில் தூது போக ராத்தாவின் மகள் இருந்தாள், நாலு வயசு.

"மகள், சாச்சிட்டக் கேளு, தேத்தண்ணிக்குச் சீனி போட்டாச்சா எண்டு."

அவர் கேட்பது எனக்குக் கேட்கும். நான் சொல்வது அவருக்குக் கேட்கும். இருந்தாலும் அவள் திரையைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். வந்து முழுவதையும் ஒப்புவிக்க வேண்டும். சில நாள் செய்தியை மாற்றிவிடுவாள்.

"சாச்சி, வாப்பா சொல்றார், நீங்க போடுற தேத்தண்ணி மாட்டுக் கழனியாம்."

"அல்லாஹ்வே! நான் எங்க கா சொன்ன?" என்று அந்தப் பக்கம் பதறும். இந்தப் பக்கம் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். ராத்தா பெரியநீலாவணைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். அவள் வந்துசேர்கிற வரைக்கும் வீடு இந்த மூன்று பேருடைய கூத்துத்தான்.

மச்சான் பகல் சாப்பாட்டுக்குக் கடையால் வந்ததும் சேட்டைக் கழற்றிக் கதிரையில் போடுவார். கதிரையில் இருக்க மாட்டார். தரைதான். குப்புறப் படுத்துப் பிள்ளையின் கண் மட்டத்துக்கு இறங்கிவிடுவார். ஆம்பிளை ஒருவன் பட்டப்பகலில் தரையில் உருண்டு பிள்ளையோடு குரங்காட்டம் ஆடுவது எங்கள் ஒழுங்கையில் புதினம். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துப் பெண்கள் வாயைக் கோணுவார்கள். "மாப்புள வீட்டுல தவளுறாரு" என்று பெயரே வைத்துவிட்டார்கள். எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் காதை அந்தப் பக்கம் வைத்தபடி கூசினேன்.

அவர் கண்டுபிடித்த விளையாட்டுகளுக்கு ஒரு சாமானும் வாங்க வேண்டியதில்லை. விரலைத் தண்ணீரில் தோய்த்துச் சீமெந்துத் தரையில் பெரிதாக ஐந்து எழுதுவார். "காயிறதுக்குள்ள அஞ்சி சாமான்!" என்பார். அவ்வளவுதான், பிள்ளை பறப்பாள். அகப்பை, சீப்பு, என் ஒற்றைச் செருப்பு, உரித்த வெங்காயம், எதுவென்றாலும் அள்ளிக்கொண்டு வந்து எண்ணின் மேல் கொட்டுவாள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் எண் கண் மூடித் திறப்பதற்குள் காய்ந்துவிடும்.

"வாப்பா, கச்சான் என்ட அஞ்சக் களவெடுத்திட்டு!"

"அப்ப கச்சானுக்கு எட்டாத எண்ணா எழுதுவம்" என்று பானைக்குக் கீழே, மேசைக்குக் கீழே என்று காற்றுப் படாத மூலைகளில் எழுதுவார். மழை காலத்தில் எண் காயவே காயாது. பிள்ளை வீட்டையே கொண்டுவந்து குவித்துவிடுவாள். ராத்தா பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தால் குசினி விறாந்தையில் இருக்கும்.

சிரட்டைகளின் வயிற்றில் கரியால் எண் எழுதி, அந்தந்த எண்ணுக்குப் புளியங்கொட்டை போடச் சொல்வார். கடையிலிருந்து கழிவு வாஷர்கள் கொண்டுவந்து நூலில் கோக்கச் சொல்வார். பிள்ளை வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும், உடுப்புக் கிளிப்பைத் தன் காது, மூக்கு, தாடி எல்லாவற்றிலும் மாட்டிக்கொண்டு, "வாப்பாட மூஞ்சில எத்தன மீன் கடிக்கிது?" என்பார். எண் என்று வந்தால் மனிசன் இரும்பு. பிழையை விடமாட்டார்.

"இல்ல மகள். ஒண்ட ரெண்டு தரம் எண்ணிட்டா. மறுகா எண்ணு."

கோபம் இல்லை. இரக்கமும் இல்லை. சரியாக வந்தால் மட்டும்தான் அந்தக் கைகள் எழும்பும்.

நிறம் என்று வந்தால் ஆளே வேறு.

உள்ளங்கைகளால் கண்ணைப் பொத்திக்கொள்வார். "நான் குருட்டு ராசா. நீதான் ராசாட கண். முத்தத்துல என்ன தெரியிது கண்ணே, சொல்லு."

"வாளி!"

"என்ன நிற வாளி?"

"சிவப்பு வாளி!"

படபட.

"கொடியில என்ன காயிது?"

"உம்மாட பாவாடை. பச்சை!"

படபட.

"சாச்சிட பூனை?"

"அது... அது நாய் நிறம்!"

படபடபட. ஓடு பெயரும்.

வாளி பச்சை. எனக்குத் தெரியும், தினமும் தண்ணீர் அள்ளுகிறவள் நான். பாவாடை செங்கல் நிறம். பிள்ளை வாயில் வந்ததைச் சொல்கிறாள், வாப்பா சந்தோஷத்தில் தட்டுகிறார் என்று நினைத்தேன். எண்ணில் ஒரு புளியங்கொட்டையைக்கூட மன்னிக்காத மனிசன் நிறத்தில் இவ்வளவு தாராளம் காட்டுகிறாரே என்று ஒரு தரமும் யோசிக்கவில்லை. யோசிக்காதது மட்டுமல்ல. அப்போதுதான் கவிதை எழுதத் தொடங்கியிருந்தேன். சிவப்புத் தென்னோலை, நாய் நிற நிலா என்றெல்லாம் அந்தப் பிள்ளை சொன்னதைத் திரைக்குள் இருந்து பொறுக்கி எழுதினேன். பத்திரிகையில் வந்தது. கற்பனை அபாரம் என்று யாரோ பாராட்டி எழுதினார்கள். அந்தத் துண்டு இன்னும் இருக்கிறது. பார்க்கிற நேரமெல்லாம் காது சுடுகிறது.

இரும்புக் கடையில் பெயின்ட் பக்கம் அவர் போகமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். "மணம் புடிக்காது, தலையிடி" என்பார். முதலாளி ஆணிப் பக்கத்தைக் கொடுத்துவிட்டார். ஆணியில் அவரை மிஞ்ச ஆளில்லை. கையில் எடுத்தாலே எத்தனை அங்குலம் என்பார்.

ஒரு நாள் விசிறி திருத்த ஒருவர் வந்தார். ராத்தா பள்ளிக்கூடத்தில். நான் தலை முழுகிவிட்டு, முடியை விரித்துப்போட்டு, அறைக்குள் கண்ணாடிக்கு முன்னால் இருந்தேன். வெளியே மச்சான் சொல்வது கேட்டது.

"தம்பி, ரெண்டு அறை இரிக்கி. பச்சைத் திரை போட்ட அறைக்குள்ள மட்டும் போகாதீங்க. அங்க மச்சி இரிக்கா."

அந்த வீட்டில் பச்சைத் திரையே இல்லை. ராத்தாவின் அறைக்கு வெள்ளை, எனக்குச் சிவப்பு. வந்தவர் பச்சையைத் தேடியிருக்கிறார், காணவில்லை, சரிதான் என்று சிவப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வளவுக் கோழிகள் சிதறின.

"கண் தெரியாதா டா உனக்கு!" என்று அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள்.

"பச்சை எண்டார், பச்சை எண்டார்" என்று அந்த மனிசன் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

திரைக்குக் கீழே மச்சானின் குதிகால்கள் தெரிந்தன. அசையவில்லை. "ஓம். நான்தான் வாய் மாறிச் சொல்லிட்டன். அவர்ல பிழை இல்ல" என்றார். அந்தக் குரல் தரையைப் பார்த்துச் சொல்லப்பட்ட குரல். வாய் மாறுகிறது யாருக்கு வராது? பிறகு அதைப் பகிடியாக்கிவிட்டோம். நானே பிள்ளையிடம் சொல்லி அனுப்புவேன்: "வாப்பாட்டச் சொல்லு, பச்சைத் திரைக்குள்ள இருந்து சாச்சி ஸலாம் சொன்னதாம்." அந்தப் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம் வரும். தொண்டையில் முள் நின்றால் வருகிற மாதிரி.

அப்படியே இன்னொரு பகிடியும் வீட்டில் நின்று நிலைத்தது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார்தான் கூறைச் சேலை எடுப்பார்கள். ராத்தா மாதுளை முத்துச் சிவப்பு வேண்டுமென்று ஆள் வைத்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். வந்தது குளத்துப் பாசி மாதிரி ஒரு பச்சை. ராத்தா அதைக் கட்டிக்கொண்டுதான் மணப்பெண்ணாய் இருந்தாள். "என்ட ஆசைய மனிசன் காதுல போடல்ல" என்று என்னிடம் மட்டும் ஒருமுறை சொன்னாள். பாசிக் கூறை, பாசிக் கூறை என்று வருஷக் கணக்கில் சிரித்தோம். மச்சானும் சேர்ந்து சிரித்தார்.

பிள்ளை பாலர் வகுப்புக்கு, நேசரிக்கு, போகத் தொடங்கினாள். வருஷக் கடைசியில் கலை விழா. மண்டபத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் நடக்கிற வழி. மச்சான் அவசரப்பட்டு முதல் வரிசையைப் பிடித்துவிட்டார். ராத்தாவும் நானும் பெண்கள் பக்கம் நடுவில். பிள்ளைகள் பாடினார்கள், ஆடினார்கள், ஒருவன் மேடையிலேயே ஒன்றுக்கு இருந்துவிட்டான். பிறகு டீச்சர் பலூன்களோடு வந்தார். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, எத்தனை பலூன், என்ன நிறம் என்று கேட்க, பிள்ளை சொல்ல, சபை கைதட்டும்.

எங்கள் பிள்ளை வந்தாள். எத்தனை என்ற கேள்விக்கெல்லாம் டக்டக்கென்று சொன்னாள். கைதட்டல். ராத்தா என் தொடையைக் கிள்ளினாள்.

டீச்சர் ஒரு பச்சைப் பலூனைத் தூக்கினார். "இது என்ன நிறம்?"

பிள்ளை பலூனைப் பார்க்கவில்லை. முதல் வரிசையில் வாப்பாவைத் தேடினாள். கண்டதும் முகம் பூத்தது.

"சிவப்பு!"

மண்டபம் அமைதியானது. அந்த அமைதிக்குள் ஆண்கள் பக்கம் இருந்து ஒரே ஒரு கைதட்டல். படபடபட. எனக்குத் தெரிந்த கைகள்.

சிரிப்பு. டீச்சர் பிள்ளை பயந்துவிட்டாள் என்று நினைத்துச் சிவப்புப் பலூனை எடுத்தார். "சரி, அப்ப இது?"

"பச்சை!"

மறுபடியும் படபடபட. இம்முறை அவர் இருந்த இடத்திலேயே இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பித் தட்டினார். என்ன பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள், நீங்களும் தட்டுங்கள் என்று மற்றவர்களைக் கூப்பிடுகிற மாதிரி. சபை சிரித்தது. சிரிப்பைக் கண்டு அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை.

எங்களுக்குப் பின்னால் ஒருத்தி மற்றவளிடம் சொன்னாள்: "புள்ளைக்குக் கண்ணுல என்னவோ ஐபு போல கா. பொம்புளப் புள்ள. பாவம், பின்னுக்கு ஆரு எடுப்பான்?"

ஐபு என்றால் குறை. வெறும் குறையல்ல, குறையோடு ஒட்டிக்கொண்டு வருகிற வெட்கமும் சேர்ந்தது. பெண்பிள்ளைக்கு ஒருமுறை அந்தச் சொல் விழுந்தால் கல்யாணப் பேச்சு நாள் வரைக்கும் கூடவே வளரும். ராத்தா என் தொடையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

டீச்சர் ஒலிவாங்கியில் சிரித்துக்கொண்டே கேட்டார். "வீட்டுல ஆரு மகள் உங்களுக்கு நிறம் சொல்லித் தாற?"

பிள்ளை விரலை நீட்டினாள். "வாப்பா."

சிரிப்பு கூரையைத் தட்டியது. இப்போதுதான் பிள்ளைக்கு என்னவோ விளங்கியது. கீழுதடு நடுங்கியது. அந்த உதட்டைப் பார்த்துத்தான் அவருக்கும் விளங்கியது. கைகள் நெஞ்சுக்கு நேரே நின்றுவிட்டன.

எழும்பினார்.

"டீச்சர், பிழை புள்ளையில இல்ல. எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்டு. பிறந்ததுல இருந்து அப்பிடித்தான். அவள் எதச் சொன்னாலும் நான் கை தட்டின. அவளுக்குச் சரியெது பிழையெது எண்டு சொல்ல எனக்குத் தெரியா." சபைப் பக்கம் திரும்பினார். பள்ளிவாசலில் சாவு சொல்லும் ஜனாஸா அறிவிப்பாளரைப் போல ஒவ்வொரு சொல்லாக வைத்தார். "என்ட மகள்ட கண் நல்லம். ஐபு எனக்கு. எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்க."

அத்தோடு இருந்திருக்கலாம். பின்வரிசையில் ஒருவன் காக்கா என்று அண்ணன் முறை வைத்துக் குரல் விட்டான்: "அப்ப சிக்னல் லைட்டுல என்ன காக்கா செய்ற?"

பகிடிக்குக் கேட்டான். அவர் உண்மையாகவே பதில் சொன்னார். "மேல எரிஞ்சா நிப்பன் தம்பி. கீழ எரிஞ்சா போவன்."

அதற்குப் பிறகு வந்த சிரிப்பை நான் எழுதமாட்டேன். முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். துணிக்குள் என் மூச்சே எனக்குச் சுட்டது. அவருக்காகக் கூசினேனா, அவரோடு வந்த குடும்பம் என்று பார்க்கிறார்களே என்று கூசினேனா? இரண்டையும் பிரிக்க எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. எனக்கும் சில நிறங்கள் ஒன்றுதான் போல.

வீட்டுக்கு வந்து ராத்தா அழவில்லை. பிள்ளை நித்திரையானதும் கேட்டாள். திரைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கூறைக்கு நான் மாதுளை முத்து எண்டு சொல்லிவிட்டன்."

"நான் கடையில அதத்தான் கேட்ட. அவன் ரெண்டு எடுத்து வெச்சான். எது எண்டான். பக்கத்துல என்ட கூட்டாளிமார். நான் ஒண்டத் தொட்டன்."

"அவனுக்கிட்டக் கேட்டிரிக்கலாமே."

"கேட்டாத் தெரிஞ்சிருமே."

பிறகு ராத்தா, மிகவும் மெல்ல: "இத்தின வருஷமா நான் வேற எதையோ நினைச்சிட்டு இரிந்தன்."

"அது தெரியும். அதுவும் இதவிட நல்லம் எண்டு விட்டுட்டன்."

என்ன மாதிரியான மனிசன்! பெண்டாட்டி ஆசையை மதிக்காதவன் என்ற பெயரைச் சுமந்துகொண்டு, இந்தப் பெயரை ஒளித்திருக்கிறார். ஒளித்த இடமும் எங்கே? பிள்ளையின் விளையாட்டுக்குள். கண்ணைப் பொத்திக்கொண்டு குருட்டு ராசா என்று உரக்கச் சொன்னாரே, அந்த விறாந்தையில் அவர் சொன்னதிலேயே பொய் கலக்காத சொல் அதுதான். அவருக்கு நிறம் சொல்ல ஒரு கண் வேண்டியிருந்தது. வளர்ந்தவர்களின் கண்ணைக் கேட்டால் தெரிந்துவிடும். நாலு வயசுக் கண்ணைக் கேட்டார். அந்தக் கண் பொய் சொல்கிறதா, மெய் சொல்கிறதா என்று பார்க்க அவருக்கு வழியில்லை. தட்டினார்.

பஜார் சும்மா விடுமா? ஆணி வாங்க வராதவர்கள் எல்லாம் கடைக்கு வந்தார்கள். சேட்டைப் பிடித்துக் காட்டி, "காக்கா, இது என்ன நிறம்?" பழக்கடையில் பழுத்தது எது, பச்சைக்காய் எது என்று பந்தயம். அவர் எல்லோருக்கும் சிரித்தார். பள்ளிவாசலுக்குப் பின்வாசலால் போகத் தொடங்கினார்.

அதையும் தாங்கியிருப்பார். நேசரியில் பிள்ளை வாயைத் திறந்தால் மற்றப் பிள்ளைகள் கை தட்டினார்கள். "தண்ணி வேணும்" என்றாலும் படபட. "டீச்சர், போகணும்" என்றாலும் படபட. பிள்ளை கதைப்பதை நிறுத்திக்கொண்டாள். வீட்டில் அவர் தரையில் ஈர விரலால் ஐந்து எழுதுவார். அவள் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நிற்பாள். ஐந்து காயும். அவர் ஆறு எழுதுவார். ஆறும் காயும். திரைக்குக் கீழால் அந்தக் கை தெரியும், அடுத்து எதை எழுதுவதென்று விரலைத் தூக்கிக்கொண்டு. ராசாவுக்குக் கண் போய்விட்டது.

கட்டாருக்கு ஆள் எடுக்கிறார்கள், சாமான் அறை வேலை, பெட்டியில் எண் பார்த்து அடுக்கினால் போதும் என்று யாரோ சொன்னார்கள். சம்பளத்துக்குப் போகிறேன் என்றார். நாங்களும் அதைத்தான் எல்லோரிடமும் சொன்னோம்.

அங்கிருந்து அவர் திரும்பவில்லை. சில வருஷம் கழித்து அங்கேயே மௌத்தானார். அந்த மண்ணிலேயே அடக்கினார்கள். அந்த மண்ணின் நிறம் எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் இல்லை. அவருடைய மகள் இப்போது வளர்ந்த பிள்ளை. கூட்டங்களில் எல்லோரும் கைதட்டும்போது அவள் கைகளைக் கோத்து மடியில் வைத்துக்கொள்வாள். பெருமை என்று நினைக்கிறார்கள்.

அவர் போன நாளைச் சொல்ல வேண்டும்.

போவதற்கு முந்திய கிழமை பிள்ளை என் அறைக்குள் வந்தாள். கையில் வாப்பாவின் சேட் ஒன்று. "சாச்சி, ஊசி தாங்க."

"என்னத்துக்கு?"

"அங்க வாப்பாக்கு ஆரும் நிறம் சொல்ல மாட்டாங்க." குரலைத் தாழ்த்தினாள். "வாப்பாக்கு எண்ணத் தெரியும்தானே."

எனக்கு விளங்க நேரம் எடுத்தது. கொலருக்கு உட்புறம் நூலில் முடிச்சு. சிவப்புக்கு ஒன்று. பச்சைக்கு இரண்டு. மண் நிறத்துக்கு மூன்று. நான் தைத்தேன், அவள் எண்ணினாள். ஒரு முடிச்சு கூடிவிட்டால், "இல்ல சாச்சி. மறுகா போடுங்க" என்றாள். அதே குரல். கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. நிறத்தை ஒவ்வொன்றாக என்னிடம் கேட்டு, ராத்தாவிடமும் ஒருமுறை காட்டிச் சரிபார்த்தாள். வாப்பாவிடம் ஒன்றும் சொல்லக்கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். வெட்கமாம்.

அஸர் தொழுகைக்குப் பிறகு வேன் வந்தது. பெட்டி ஏறிவிட்டது. விறாந்தையில் சொந்தக்காரர்கள் நின்றார்கள். நான் திரைக்குள். அவர் ஒவ்வொருவரிடமும் ஸலாம் சொல்லிக்கொண்டு வந்து திரைக்கு முன்னால் நின்றார். அவளும் அவரோடு நின்றாள். புதுச் செருப்பு போட்ட சின்னக் கால்கள்.

"மகள், சாச்சிட்டச் சொல்லு..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. பிறகு திரையைப் பார்த்தே, நேரே: "மச்சி, அண்டைக்கு விசிறிக்காரன் உள்ளுக்கு வந்ததுக்கு நான் உங்கட்ட ஒழுங்கா மன்னிப்புக் கேக்கல்ல."

எத்தனை தரம் பச்சைத் திரை என்று சொல்லி அனுப்பிச் சிரித்தேன்! திரையின் விளிம்பை உள்ளுக்கிருந்து பிடித்துக்கொண்டு நின்றேன். "மச்சான்" என்று மட்டும் வந்தது. அது அவருக்குக் கேட்டதோ தெரியாது.

அப்போது சின்னக் கை ஒன்று அந்தப் பெரிய கையைப் பிடித்து இழுப்பது தெரிந்தது. இழுத்துத் திரையின் கீழ் மூலைக்குக் கொண்டுவந்தது. அவர் குனிந்தார். அவளுக்காகக் குந்தினார். அங்கே அவள் எனக்குத் தெரியாமல் தானாகவே போட்ட முடிச்சு ஒன்று இருந்தது, கோணலாக, நூல் பிசிறிக்கொண்டு. துரு ஏறிய நகம் அதைத் தடவியது. மேலே தேடியது, கீழே தேடியது. வேறு இல்லை.

"ஒண்டு" என்றார். பிறகு, "ஒண்டெண்டா என்ன மகள்?"

"சிவப்பு."

"அப்ப இது பச்சை இல்லையா?"

"இல்ல வாப்பா."

துணிக்கு நாலு விரல் அப்பால் இரண்டு உள்ளங்கைகளும் தட்ட எழும்பின. வேன்காரர் ஹோர்ன் அடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

"கை தட்டாதீங்க வாப்பா."